டிக்கெட்டில் முழங்கால் சேர்த்தி இல்லை

கேள்வி: இண்டியானாபொலிஸில் குடியேறிய நாள்முதல் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் சீசன் டிக்கெட் வாங்குகிறவன் நான். 2008 ஜூலையில், ஆட்டங்கள் தொடங்க இரண்டு மாதம்கூட இல்லாதபோது, எங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் பேட்டன் மேனிங்கின் முழங்காலில் ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று திடீரென்று அறிவித்தார்கள். 2011-இல் அவர் கழுத்து. 2017-இல் அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரூ லக்கின் தோள். எப்போதும் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் காதுக்கு வருகிறது. காசு கொடுக்கிற ரசிகனுக்கு முன்கூட்டியே தெரிந்துகொள்ள உரிமை கிடையாதா? 2019-இல் லக் ஓய்வு பெற்ற அன்று மைதானத்தில் நானும் ஊளையிட்டேன். அது அநாகரிகம் என்று என் மனைவி இன்றுவரை சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், இண்டியானாபொலிஸ்

பதில்: கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் இருந்தால் மீதியைப் பேசலாம்.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காத மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விவரம். குவார்ட்டர்பேக் கையிலிருந்துதான் அணியின் தாக்குதல் ஏறத்தாழ ஒவ்வொன்றும் புறப்படும். 2008-இல் ஓர் அணிக்குச் சீசனில் பதினாறே ஆட்டங்கள். அதில் எட்டுதான் சொந்த மைதானத்தில். ஆகவே அந்த ஒரு மனிதர் ஒரு மாதம் படுத்தால் சீசனில் கால்வாசி போய்விடும். கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக்கான மேனிங் 1998-இல் அணிக்கு வந்ததிலிருந்து பத்து சீசன், 160 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடாதவர். 2007 பிப்ரவரியில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் கோப்பையை உங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவர். அவருக்கு ஆபரேஷன் என்றதும் ஊர் கலங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் என்ன ஆபரேஷன் என்று அன்று எத்தனை பேர் கேட்டார்கள்? முட்டிச் சில்லுக்கும் அதன் மேல் தோலுக்கும் நடுவே பர்சா என்று ஒரு மெல்லிய பை உண்டு. உள்ளே கொஞ்சம் திரவம். வண்டி அச்சுக்கு மசகு போடுவதுபோல, தோல் எலும்பின்மேல் உரசாமல் வழுக்கிப் போக அது உதவுகிறது. மேனிங்கின் இடது முழங்காலில் அந்தப் பைக்குள் கிருமித்தொற்று. மருந்துக்கு அடங்காத தொற்று பக்கத்தில் உள்ள மூட்டுக்குள் இறங்கினால் கதையே வேறாகிவிடும். ஆகவே ஜூலை 14-ஆம் தேதி பையை எடுத்துவிட்டார்கள். நாலிலிருந்து ஆறு வாரம் என்றார்கள். எலும்பிலோ மூட்டுத் தசைநாரிலோ யாரும் கைவைக்கவில்லை.

முழங்கால் ஆபரேஷன் என்று கேட்டால் ரசிகர் மனம் நேரே தசைநார்க் கிழிசலுக்குத் தாவும். தாவியது. தொற்று வந்தால் அதைப் பரிசீலிக்கப் பொதுக்குழு கூட்டி, ரசிகர்களின் கருத்தைக் கேட்டு, பிறகு கத்தி வைப்பார்களா? மனைவிக்கோ பிள்ளைக்கோ முட்டியில் சீழ் பிடித்தால் நீங்கள் அலுவலகத்தில் அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டா மருத்துவமனைக்குக் கிளம்புவீர்கள்?

நடந்ததையும் பார்த்துவிடுவோம். கணக்கில் வராத முன்சீசன் ஆட்டம் எதிலும் மேனிங் இறங்கவில்லை. செப்டம்பர் 7, புத்தம்புது லூகாஸ் ஆயில் மைதானத்தில் முதல் ஆட்டம்; சிகாகோ பேர்ஸிடம் 29-13 என்று தோல்வி. ஏழு ஆட்டம் முடிந்தபோது மூன்று வெற்றி, நான்கு தோல்வி. முழங்கால்மேல் பழி போட்டவர்களுக்கு அது பொற்காலம். பிறகு மீதி ஒன்பது ஆட்டங்களிலும் வரிசையாக வெற்றி. மொத்தம் 12-4. அந்த வருடத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது மேனிங்குக்கு, மூன்றாவது முறையாக. அதற்குப்பின் முழங்காலைப் பற்றி யார் பேசினார்கள்?

அதே செப்டம்பர் 7-ஆம் தேதி நியூ இங்கிலாந்து அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் முழங்கால் தசைநார் முதல் ஆட்டத்தின் முதல் காற்பகுதியிலேயே கிழிந்தது. அவருக்கு முழு சீசனும் போயிற்று. கோடை முழுவதும் நீங்கள் பயந்தது மேனிங்குக்காக, படுத்தது பிரேடி. முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் உரிமையை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

2011 இதற்கு நேர்மாறு. இதைத்தான் நீங்கள் இன்னும் ஆழமாக யோசித்திருக்க வேண்டும். மேனிங்குக்கு மே மாதம் கழுத்தில் ஒரு ஆபரேஷன். உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஊதியச் சண்டை நடந்து, மார்ச்சிலிருந்து ஜூலை வரை கதவடைப்பு. அணியின் உடற்பயிற்சியாளர்களிடம் போய்க் காட்டக்கூட அவருக்கு வழியில்லை. கதவு திறந்ததும் ஜூலை இறுதியில் ஐந்து வருடத்துக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். உரிமையாளரே நம்பிப் பணம் போடுகிறார், மேனிங் வந்துவிடுவார் என்று ஊரும் நம்பியது. 2008-இல் சின்னதற்குப் பதறிய ஊர், பெரியது வந்தபோது நிம்மதியாகத் தூங்கியது. செப்டம்பர் 8-ஆம் தேதி கழுத்து எலும்பை இணைக்கும் ஆபரேஷன். மூன்றாம் நாள் ஹூஸ்டனிடம் 34-7 என்று தோல்வி. அவரது 208 ஆட்டத் தொடர்ச்சி அன்று அறுந்தது. முதல் பதின்மூன்று ஆட்டங்களும் தோல்வி, முடிவில் 2-14. தலைமைப் பயிற்சியாளருக்கும் வேலை போயிற்று.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தத் தோல்விகளின் நடுவே ரசிகர்களில் ஒரு பகுதியினர் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். கடைசி இடத்தில் வரும் அணிக்குத்தான் அடுத்த வருடக் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதலாவது ஆளைப் பொறுக்கும் வாய்ப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் காத்திருக்கிறார். தோற்றால் லக் கிடைப்பார், எனவே தோற்கட்டும்! செப்டம்பரில் மேனிங்கின் கழுத்துக்காகப் பிரார்த்தித்தவர்கள் டிசம்பரில் தோல்வியை எண்ணினார்கள். 2012 மார்ச் 7-ஆம் தேதி, 2.8 கோடி டாலர் போனஸ் கொடுக்க வேண்டிய நேரம் வந்ததும், மேனிங்கை அணி விடுவித்தது. ஏப்ரலில் லக் வந்தார்.

இதை நான் கேவலம் என்று சொல்லவில்லை. ரசிகன் வெற்றியைத்தான் விரும்புவான். அதற்குத்தான் டிக்கெட் வாங்குகிறான். எனக்குப் பிடிக்காதது அதற்கு அக்கறை என்று பெயர் வைப்பது. ஆட்டக்காரர் நலமா என்று கேட்கிற வாய் அடுத்த மூச்சில் முதல் ஆட்டத்துக்கு வருவாரா என்று கேட்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்தவுடன் முதல் கேள்வி மறந்துபோகும்.

உரிமை பற்றிச் சொன்னீர்கள். காயப்பட்டவர் பட்டியலை அணிகள் வெளியிட வேண்டும் என்ற விதி இந்த ஆட்டத்தின் லீக்கான என்.எஃப்.எல்.-இல் இருப்பது உங்களுக்குத் தெரியும். அது எப்படி வந்தது தெரியுமா? 1946 டிசம்பரில் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் நியூயார்க் ஜயண்ட்ஸ் ஆட்டக்காரர்கள் இருவரை ஒரு சூதாடி விலைக்கு வாங்கப் பார்த்தது வெளியே வந்தது. அடுத்த வருடம் லீக் ஆணையர் பெர்ட் பெல் காயப் பட்டியலைக் கட்டாயமாக்கினார். யாருக்குக் காயம் என்று உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தால், அந்தத் தகவல் சூதாடிகளுக்கு விற்பனையாகும் என்ற பயம். நீங்கள் உரிமை என்று நினைப்பது பந்தயச் சந்தையை ஒழுங்காக வைத்திருக்கப் போட்ட ஏற்பாடு. அதுவும் சீசன் தொடங்கிய பிறகுதான். ஜூலை மாதத்தில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது. ஆகஸ்டில் கற்பனை அணி அமைத்து நண்பர்களோடு பேண்டஸி ஆடுகிறவர்களுக்கு அது பெரிய குறைதான். அவர்கள் கண்ணீரை நான் நம்புவதில்லை.

ஒரு இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. லக் விஷயம். 2017 ஜனவரியில் அவர் வலது தோளில் ஆபரேஷன். சீசனுக்குத் தயாராகிவிடுவார் என்ற பேச்சு. செப்டம்பர் வந்தது, வரவில்லை. இதோ பந்து எறிய ஆரம்பித்துவிட்டார் என்றார்கள். நவம்பரில் இந்த சீசனுக்கே இல்லை என்று எழுதிவிட்டார்கள். 4-12. உடம்பைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது ஒன்று, நம்பிக்கையை மாதத்தவணையில் விற்பது இன்னொன்று. மருத்துவ விவரத்தை மூடிவைக்கும் அணியை நான் மன்னிப்பேன். தேதி சொல்லிச் சொல்லித் தள்ளிப்போடும் அணியை நீங்கள் கழுத்தைப் பிடித்துக் கேட்கலாம்.

கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. அந்த லூகாஸ் ஆயில் மைதானம் கட்ட ஆன செலவு சுமார் 72 கோடி டாலர். அணி தன் பங்குக்குக் கொடுத்தது 10 கோடி. மீதியில் பெரும்பகுதி மக்கள் பணம். உங்கள் ஊர் இருக்கும் மேரியன் கவுண்டியில் உணவகத்தில் சாப்பிட்டால் கட்டும் வரி அதற்காக ஒரு சதவீதத்திலிருந்து இரண்டாக ஏறியது. ஆட்டமே பார்க்காதவரும் தோசைக்குக் காசு கொடுக்கும்போது மைதானத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். 2008-இல் சீசன் டிக்கெட் வாங்கினால் கணக்கில் வராத இரண்டு முன்சீசன் ஆட்டங்களையும் முழு விலைக்கு வாங்கியாக வேண்டும் என்பதுதான் லீக் முழுக்க வழக்கம். நட்சத்திரங்கள் கால்மணி நேரம் தலைகாட்டிவிட்டு உட்காருவார்கள். அந்த வருடம் மேனிங் அதுவும் இல்லை. உங்கள் பணத்துக்கு உரிமை கொண்டாட இவ்வளவு இடம் இருக்கும்போது ஏன் நேரே போய் ஒருவருடைய முட்டியில் கைவைக்கிறீர்கள்?

இப்போது அந்த ஊளைக்கு வருகிறேன். லக் உடம்பில் என்னென்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. விலா எலும்புக் குருத்து கிழிந்தது, வயிற்றுத் தசை கிழிந்தது, சிறுநீரகம் கிழிந்து சிறுநீரில் ரத்தம் போனது, மூளையதிர்ச்சி, தோள். இத்தனைக்கும் பிறகு 2018-இல் திரும்பி வந்து, ஒரு வெற்றி ஐந்து தோல்வியில் கிடந்த அணியை 10-6 வரை தூக்கிவிட்டார். மீண்டும் காலில் வலி. 2019 ஆகஸ்ட் 24 அன்று, 29 வயதில், போதும் என்றார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி கசிந்தது. மைதானத்தைவிட்டு நடந்தபோது நீங்கள் எழுப்பிய சத்தம் அவர் காதில் விழுந்தது. வலித்தது என்று அன்றிரவே சொன்னார்.

2013 அக்டோபரில் மேனிங் டென்வர் சட்டையில், எதிரணிக்காரராக அதே மைதானத்துக்கு வந்தபோது நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். 2017-இல் வாசலில் சிலையும் வைத்தாயிற்று. ஆபரேஷனுக்கு அப்புறமும் ஆடினால் சிலை, ஆட முடியவில்லை என்றால் ஊளை. இரண்டு பேர் உடம்பும் ஒரே அணிக்குத்தான் தேய்ந்தது.

உங்கள் மனைவி சொல்வது சரி. மறந்துவிட்டீர்களோ என்னவோ, லக்கைப் பார்த்து நீங்கள் கத்திய அந்த ஆட்டமும் கணக்கில் வராத முன்சீசன் ஒத்திகைதான். அதற்கும் உங்கள் சீசன் டிக்கெட்டில் காசு சேர்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். அதை விற்றவர்களைப் பார்த்து நீங்கள் ஊளையிட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் காணோம்.