பெல்லட் ஸ்டவ்ல தீ சோம்பலா எரியுதா? போர்டை விடுங்க, கிண்ணத்தைப் பாருங்க

கேள்வி: வீட்டு பெல்லட் ஸ்டவ்ல (மரத்தூளை அழுத்தி செஞ்ச சின்ன குச்சித் துண்டுகளை எரிச்சு ரூமை சூடாக்கற அடுப்பு) தீ முன்ன மாதிரி இல்ல. ஆரஞ்சு கலர்ல மெதுவா ஆடுது, கண்ணாடி ஒரே நாள்ல கருப்பாகுது, ரூமும் சூடாகல. சர்வீஸ் ஆள் ஸ்டவ்வை இயக்கற எலக்ட்ரானிக் கண்ட்ரோல் போர்டு மாத்தணும்ங்கறார். மாத்திடவா?

பதில்: இப்போதைக்கு வேணாம். ஆரஞ்சா, புகையோட, சோம்பலா ஆடுற தீன்னா காத்து பத்தலன்னு அர்த்தம். தீ சின்னதா இருந்தாலும் பளிச்சுன்னு துள்ளி எரிஞ்சா பெல்லட் சரியா வந்து விழல, அது வேற பிரச்சனை, உங்களோடது அது இல்ல.

ஸ்டவ்வை ஆஃப் பண்ணி, ஃபேன் நின்னு, நல்லா ஆறினப்புறம் பிளக்கைப் புடுங்கிட்டு, பெல்லட் எரியுற கிண்ணத்தை வெளிய எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ஒவ்வொரு ஓட்டையிலயும் வெளிச்சம் தெரியணும். பாதி ஓட்டையில சாம்பல் உருகி கெட்டியாகி அடைச்சிருந்தா ஸ்க்ரூடிரைவரால சுரண்டி எடுங்க. சாம்பல் ட்ரேயைக் கொட்டினா க்ளீனிங் முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, உள்ள பின்பக்க தகடுக்குப் பின்னாடி, புகையை இழுக்கற ஃபேன் இறக்கையில, வெளிய போற பைப்ல எல்லாம் சாம்பல் சேர்ந்து கிடக்கும். வீட்டு வாக்யூம் க்ளீனரை மட்டும் வச்சுறாதீங்க, அணைஞ்சுட்டுன்னு நெனைக்கற சாம்பல்ல கங்கு ரொம்ப நேரம் உயிரோட இருக்கும், பை பத்திக்கும்.

கதவு கேஸ்கெட்டையும், அதாவது கதவு ஓரத்துல காத்து புகாம அடைக்கற பட்டையையும் பாருங்க. பேப்பர் துண்டை வச்சு கதவை மூடி இழுங்க, லேசா வந்துட்டா காத்து கிண்ணத்துக்குப் போகாம அந்த வழியா புகுந்துடுது.

அடுத்து பெல்லட். இங்கதான் ஏமாத்து வேலை. மூட்டையில பிரீமியம்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், அத நம்பாதீங்க, யார் வேணா அச்சடிக்கலாம். ஈஎன் ப்ளஸ் ஏ1 (ENplus A1) முத்திரைன்னு பெல்லட்டுக்கான ஐரோப்பிய தர முத்திரை ஒண்ணு இருக்கு, அது இருந்தா ஈரம் 10 சதவீதத்துக்குள்ள, சாம்பல் 0.7 சதவீதத்துக்குள்ள இருக்கணும். அந்த முத்திரை பக்கத்துல தயாரிப்பாளர் எண்ணும் இருக்கணும், எண் இல்லாத முத்திரை வெறும் படம். ஆனா நல்ல பெல்லட்டையே கடைக்காரர் மழையில போட்டு வச்சிருந்தா உப்பி தூளாயிடும். உங்க ஹாப்பர் (ஸ்டவ்ல பெல்லட் கொட்டி வைக்கற தொட்டி) அடியில நிறைய தூள் இருக்கான்னு பாருங்க. போர்டுக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி வேற மூட்டை ஒண்ணு போட்டுப் பாருங்க.

ஒரு விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா இதையே ரிப்பேர்னு நெனச்சு நிறைய பேர் பயந்துடறாங்க. லோ செட்டிங்ல தீ சின்னதாத்தான் இருக்கும். பெல்லட் விட்டு விட்டு விழறதால தீ ஏறி இறங்கும், பத்த வைக்கறப்ப ஸ்டவ்வுக்குள்ள கொஞ்ச நேரம் புகையும் வரும், இதெல்லாம் நார்மல். அதனால ஹைல வச்சு தீ நிலைக்கு வந்தப்புறம் பாருங்க, அப்பவும் சோம்பலா இருந்தாத்தான் பிரச்சனை. லோல எரியறதைக் காட்டி தீ வீக்னு ஒரு சர்வீஸ் ஆள் சொன்னா உஷாராயிடுங்க.

புகை வாசனை ரூமுக்குள்ள வந்தா உடனே நிறுத்திட்டு ஜன்னலைத் தொறங்க, கார்பன் மோனாக்சைடு (வாசனையே இல்லாத விஷவாயு) அலாரம் இல்லாம இந்த ஸ்டவ்வை ஓட்டவே கூடாது.

மேனுவலைத் தொறந்தா எதுக்கெடுத்தாலும் டீலரைக் கூப்பிடுன்னுதான் போட்டிருக்கான், டீலர் குளிர் முடிஞ்சப்புறம் வர்றான், அந்த இடைவெளியிலதான் போர்டு விக்கறவன் நுழையறான். போர்டு போச்சுன்னா பெரும்பாலும் ஃபேனோ மோட்டாரோ ஓடாம நின்னுடும், தீ மட்டும் சோம்பலாகறது அதோட வழக்கமான அடையாளம் இல்ல. க்ளீன் பண்ணியும் சரியாகலன்னா புகை இழுக்கற ஃபேன் வலு குறைஞ்சிருக்கலாம், அப்ப வர்றவர்கிட்ட டிராஃப்ட் (புகை பைப் வழியா வெளிய இழுபடற வலு) அளக்கற மீட்டர் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா வேற ஆளைப் பாருங்க.