கரையாததைக் கருவி காட்டாது: பாறை மாதிரிகளும் ஐசிபி-ஓஇஎஸ் அளவீடும் (கேள்வி பதில்)

கேள்வி: சார், கிரானைட் பொடியை நான்கு அமிலங்களில் கரைத்து ஐசிபி-ஓஇஎஸ்ஸில் (பிளாஸ்மாவில் ஒவ்வொரு தனிமமும் உமிழும் ஒளிக்கோட்டை அளக்கும் கருவி) அளந்தேன். சிர்கோனியம் மட்டும் எக்ஸ்ஆர்எஃப் (கரைக்காமலே எக்ஸ் கதிரால் அளக்கும் முறை) மதிப்பில் பாதிகூட வரவில்லை. வேறு அலைநீளம் எடுக்கலாமா?

பதில்: அலைநீளத்தில் கோளாறு இல்லை. 343.823 நானோமீட்டரில் குறைவாக வந்தது 339.198-லும் குறைவாகத்தான் வரும். கிரானைட்டில் சிர்கோனியத்தின் பெரும்பங்கு சிர்கான் என்ற கனிம மணிகளுக்குள் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக், பெர்குளோரிக், ஹைட்ரோகுளோரிக் நான்கையும் ஊற்றினாலும் சிர்கான் முழுதாகக் கரையாது. குரோமைட், ரூட்டைல், கேசிட்டரைட், பேரைட் ஆகிய கனிமங்களும் அப்படித்தான். சித்தம்பூண்டி குரோமைட் பாறையை இந்த முறையில் கரைத்துக் குரோமியம் இவ்வளவு என்று எழுதினால் அந்த எண்ணை நம்ப முடியாது. பிளாஸ்மாவுக்குள் போவது கரைசல் மட்டும்தான். குழாயின் அடியில் தங்கியது எந்த எண்ணிலும் தெரியாது. அளப்பதற்கு முன் கரைசலை மையவிலக்கியில் சுற்றி, அடியில் கறுப்பாகவோ வெள்ளையாகவோ துகள் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

இன்னொன்று: ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் சிலிக்கான், டெட்ராஃபுளோரைடாகப் பறந்துவிடும். சிலிக்காவும் சிர்கோனியமும் வேண்டுமென்றால் உருக்கிக் கரைப்பதுதான் வழி.

கேள்வி: அந்த உருக்கும் முறையை அளவுகளோடு சொல்லுங்கள் ஐயா.

பதில்: 75 மைக்ரானுக்குக் கீழே அரைத்த, 110 டிகிரியில் உலர்த்திய பொடி 0.1 கிராம். லித்தியம் மெட்டாபோரேட் (பாறையை உருகவைக்கும் ஃப்ளக்ஸ்) 0.5 கிராம். இரண்டையும் கிராஃபைட் குரூசிபிளில் நன்றாகக் கலக்குங்கள். ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருக்கும் பொடிதான் பின்னால் கரையாமல் நிற்கும். 1000 டிகிரி உலையில் 20 முதல் 30 நிமிடம். வெளியே எடுத்ததும் குரூசிபிளை ஒரு சுழற்று சுழற்றி, செந்தணலாக இருக்கும்போதே 5% நைட்ரிக் அமிலம் 50 மி.லி. உள்ள பீக்கரில் கவிழ்க்க வேண்டும். பீக்கர் காந்தக் கலக்கியின் மேல் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கட்டும். உருகிய மணி சட்டென்று நொறுங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். தயங்கினால் மணி குரூசிபிளிலேயே கெட்டியாகிவிடும். மிதக்கும் கரித்துகளை வடிகட்டி, 100 மி.லி. ஆக்குங்கள்.

பிளாட்டினம் குரூசிபிள் என்றால் சல்ஃபைடு தாது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கந்தகம், ஆர்செனிக், ஈயம் மூன்றுமே பிளாட்டினத்தைக் கெடுக்கும். முன்கூட்டி வறுத்துக் கந்தகத்தை வெளியேற்றாமல் உருக்காதீர்கள். இந்த முறையில் லித்தியத்தையும் போரானையும் அளக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும்.

கேள்வி: பத்திருபது மாதிரி ஓடியதும் எல்லாக் கோடுகளும் மெல்ல இறங்குகின்றன.

பதில்: நெபுலைசர் (கரைசலை நுண்தூவலாக்கும் பகுதி) முனையில் உப்பு படிகிறது. மேலே சொன்ன கரைசலில் கரைந்த திடப்பொருள் 0.6%. சாதாரணக் கான்சென்ட்ரிக் நெபுலைசருக்கு அது அதிகம். உப்பு தாங்கும் வகை நெபுலைசர் போடுங்கள். ஆர்கானை ஈரப்படுத்தும் துணைக்கருவி இருந்தால் இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் ஒரு நிமிடம் 5% நைட்ரிக் அமிலத்தால் கழுவுங்கள். லித்தியம் குவார்ட்ஸ் டார்ச்சையும் அரிக்கும். வெண்மை படர்ந்து சொரசொரப்பானால் மாற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: அகத் தரமாக (எல்லா மாதிரியிலும் ஒரே அளவு சேர்த்து ஒப்பிடும் தனிமமாக) இட்ரியம் சேர்க்கலாமா? மாதிரி மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்.

பதில்: பசால்ட் என்றால் சேர்க்கலாம். பிஎச்விஓ-2 என்ற பசால்ட் தர மாதிரியில் (கலவை முன்பே உறுதியான பாறைப் பொடி) இட்ரியம் சுமார் 26 பிபிஎம். ஆயிரம் மடங்கு நீர்த்தால் 0.026 மி.கி./லி. நீங்கள் 5 மி.கி./லி. சேர்த்தால் அது ஒரு பொருட்டில்லை. மோனசைட் என்ற அருமண் கனிமம் உள்ள மணலில் இட்ரியமும் கூடவே வரும், மாதிரிக்கு மாதிரி மாறும். அகத் தரம் என்ற பொருளே போய்விடும். இண்டியம் சேருங்கள். அதே மணலில் சீரியம், தோரியம், லாந்தனம் கோடுகள் ஏராளமாக விழும் என்பதால், ஒவ்வொரு தனிமத்துக்கும் இரண்டு அலைநீளம் எடுத்து ஒப்பிடாமல் எண்ணை ஏற்காதீர்கள்.

கேள்வி: ஈயம் ஒரு நாள் மைனஸில், ஒரு நாள் 60 பிபிஎம். ஒரே பாறைதான்.

பதில்: 220.353-இல் அளக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 15% அலுமினா உள்ள பாறை ஆயிரம் மடங்கு நீர்த்த பிறகும் கரைசலில் அலுமினியம் 79 மி.கி./லி. இருக்கும். 20 பிபிஎம் ஈயம் வெறும் 0.02 மி.கி./லி. கிட்டத்தட்ட 4000 மடங்கு வித்தியாசம். அலுமினியம் அந்த இடத்தில் பின்னணியைச் சரிவாகத் தூக்குகிறது. பின்னணிப் புள்ளியை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் விடை எந்தப் பக்கமும் சாயும். இரு பக்கமும் புள்ளி வையுங்கள். பிறகு ஈயமே இல்லாத 100 மி.கி./லி. அலுமினியக் கரைசலை ஓட்டி, ஈயம் எவ்வளவு என்று கருவி காட்டுகிறது என்று பார்த்துத் திருத்தக் காரணி போடுங்கள். இவ்வளவு நீர்த்த கரைசலில் 20 பிபிஎம் ஈயத்தை அளப்பதே கஷ்டம். அமிலத்தில் கரைத்து 50 அல்லது 100 மடங்கோடு நிறுத்தினால் அளக்க முடியும். பாஸ்பரஸ் 213.617-இல் செம்பும், காட்மியம் 228.802-இல் ஆர்செனிக்கும் இதேபோல் குறுக்கிடும்.

கேள்வி: ஆக்சைடுகளின் கூட்டுத்தொகை 96%தான் வருகிறது. எங்கே போனது?

பதில்: எரிப்பிழப்பை (சூடாக்கும்போது குறையும் எடையை) சேர்த்தீர்களா? 1000 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி எடை பாருங்கள். நீரும் கரியமில வாயுவும் ஐசிபியில் வராது. சேர்த்தும் குறைகிறது என்றால் ஒவ்வொரு ஆக்சைடையும் தர மாதிரியோடு ஒப்பிடுங்கள். எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்தால் எடையிலோ கனஅளவிலோ பிழை. சிலிக்கா மட்டும் குறைந்தால் அது கரைசலில் ஜெல்லாகத் திரண்டிருக்கும். பழைய கரைசலைக் கொட்டிவிட்டு மறுபடி உருக்குங்கள்.

சார்னோகைட் போன்ற பாறையில் எரிப்பிழப்பு மைனஸில் வந்தால் பயப்பட வேண்டாம். ஃபெரஸ் ஆக்சைடு 10% இருந்து முழுதாக ஆக்சிஜனேறினால் எடை 1.1% கூடும். ஐசிபி மொத்த இரும்பை மட்டுமே தரும். ஃபெரஸ் எவ்வளவு என்பதைத் தனியாக டைட்ரேஷனில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஹைட்ரோஃபுளோரிக் கரைசலை நேராகக் கருவிக்குக் கொடுக்கலாமா?

பதில்: கண்ணாடி நெபுலைசரும் குவார்ட்ஸ் டார்ச்சும் இருந்தால் கூடாது, இரண்டும் அரிக்கப்பட்டுவிடும். பெர்குளோரிக் சேர்த்து வெண்புகை வர இருமுறை வற்றவைத்து ஃபுளோரைடை விரட்டுங்கள். அரைகுறையாக விட்டால் கால்சியம், அருமண் ஃபுளோரைடுகள் வீழ்படிவாகும். கரிமப் பொருள் உள்ள மண்ணாக இருந்தால் நைட்ரிக் அமிலத்தில் முதலில் செரிக்க வையுங்கள். நேராகப் பெர்குளோரிக் ஊற்றினால் வெடிக்கலாம். பெர்குளோரிக்கென்றே கழுவும் வசதியுள்ள புகைக்கூண்டு இல்லாத கூடத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

2.5% கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நீர்த்த அமிலம் பட்டால் வலி பல மணி நேரம் கழித்தும் வரலாம். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். உடனே நீரில் கழுவி, ஜெல் தடவி, மருத்துவமனைக்குப் போங்கள். என்ன அமிலம் என்று மருத்துவரிடம் பெயர் சொல்லுங்கள்.

கேள்வி: தர மாதிரி எத்தனை வேண்டும்?

பதில்: உங்கள் பாறையின் இயல்புக்கு இருபுறமும் அமைகிற மூன்று நான்கு. பசால்ட்டுக்கு பிஎச்விஓ-2, ஆண்டிசைட்டுக்கு ஏஜிவி-2, கிரானோடயோரைட்டுக்கு ஜிஎஸ்பி-2. மாதிரிகளைப் போலவே இவற்றையும் உருக்குங்கள். பாறை சேர்க்காத வெறும் ஃப்ளக்ஸ் ஒன்றும் கூடவே போகட்டும். அளவுக்கோட்டில் (கருவியின் ஒளி அளவைச் செறிவோடு பொருத்தும் கோட்டில்) சேர்க்காத ஒரு தர மாதிரியைப் பத்து மாதிரிக்கு ஒருமுறை ஓட்டுங்கள். பிஎச்விஓ-2 என்றால் சிலிக்கா 49.9, டைட்டானியா 2.73 வர வேண்டும். வராத தொகுப்பை வெளியிடாதீர்கள்.