பேரன் பெயர் யரொஸ்லவ்: ‘ஜ’ அல்ல, ‘ய’

கேள்வி: என் மகள் செக் நாட்டவரை மணந்து பிராகில் இருக்கிறாள். பிறக்கப்போகும் பேரனுக்கு மாப்பிள்ளையின் தாத்தா பெயரை வைக்கிறார்களாம். ஆங்கில எழுத்தில் ‘ஜே’யில் தொடங்குவதால் நாங்கள் ‘ஜரோஸ்லாவ்’ என்கிறோம். மகள் தப்பு என்கிறாள். இணையத்தில் பார்த்தால் ‘வசந்தம்’, ‘கோபக்காரன்’, ‘ஸ்லாவ் இனத்தவன்’ என்று ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். எது சரி? எப்படிக் கூப்பிடுவது? பெரிய மனிதர்கள் யாராவது இந்தப் பெயரில் உண்டா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி, அம்மா. செக் மொழியில் அந்த எழுத்துக்கு ‘ய’ ஒலி. மூன்று அசையும் குறில்; அழுத்தம் முதல் அசையில். தமிழில் ‘யரொஸ்லவ்’ என்று எழுதுங்கள். வாயால் சொல்லும்போது கடைசி ‘வ்’ செக்கர் நாவில் ‘ஃப்’ ஆகிவிடும்: யரொஸ்லஃப். போலந்துக்காரர் ‘ல’வை ‘வ’வாக்கி ‘யரொஸ்வஃப்’ என்பார். ரஷ்யர் கடைசி அசையை அழுத்துவதால், அவர் வாயில் முதல் ‘ய’ தேய்ந்து ‘யி’ போலக் கேட்கும். பேரன் பிராகில் வளரப்போவதால் உங்களுக்குச் செக் உச்சரிப்புப் போதும்.

பொருளுக்கு வருவோம். பழைய ஸ்லாவியப் பெயர்கள் பல, இரண்டு சொற்களைக் கோத்துச் செய்தவை. இதில் பின்பாதி ‘ஸ்லாவா’, அதாவது புகழ். இனப்பெயராக அதைப் படிப்பது தவறு. சமஸ்கிருதத்தில் புகழைக் குறிக்கும் ‘ஸ்ரவஸ்’ஸும், கேட்டலைக் குறிக்கும் ‘சிரவண’மும் இதே வேரில் கிளைத்தவை, நாலு பேர் காதில் விழுவதுதான் புகழ். முன்பாதியான ‘யர்’தான் சிக்கல். பழைய ஸ்லாவியத்தில் அது வேகம், வீறு, சீற்றம். செக் மொழியில் ‘யரோ’ என்றால் வசந்தம் என்பதால், அங்குள்ளவர்கள் ‘வசந்தத்தின் புகழ்’ என்றும் சொல்லிக்கொள்வார்கள். கேட்க இனிமைதான். ஆனால் போர்த்தலைவர்களுக்கு இட்ட பெயர் என்பதால் ‘வீறுமிக்க புகழோன்’ என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. நம் புகழேந்திக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பெயருக்குப் பெருமை சேர்த்தவர்களில் முதல்வர், 1019இல் கீவ் அரியணையைப் பிடித்து 1054இல் மறைந்த ‘ஞானி’ யரொஸ்லவ். கிழக்கு ஸ்லாவியரின் மிகப் பழைய சட்டத்தொகுப்பின் தொடக்கப் பகுதி இவர் காலத்தது என்பார்கள். அவரது பளிங்குப் பேழை இன்றும் கீவ் புனித சோபியா ஆலயத்தில் இருக்கிறது. மகள் அன்னா பிரான்ஸ் மன்னர் முதலாம் ஹென்றிக்கு 1051இல் மனைவியானாள். மற்ற இரு மகள்களை நார்வே, ஹங்கேரி அரசர்கள் மணந்தார்கள். இவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் உண்டு: யூரி. 1030இல் எஸ்தோனிய மண்ணில் தார்த்துவைப் பிடித்து ‘யூரியெவ்’ என்று பெயரிட்டது அதனால்தான். உலகம் நினைவில் வைத்திருப்பது என்னவோ யரொஸ்லவைத்தான்.

செக்கர்களில் இருவர் நோபல் பெற்றவர்கள். யரொஸ்லவ் ஹெய்ரோவ்ஸ்கி 1959இல் வேதியியலுக்குப் பெற்றார். மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசத்தைச் சொட்டுச் சொட்டாகக் கரைசலில் விழவைத்து, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி, மின்னோட்டம் எந்த அழுத்தத்தில் எழும்புகிறது என்று பார்ப்பது அவர் முறை. எழும்பும் இடம் கரைந்திருப்பது என்ன பொருள் என்று சொல்லும். எழும்பும் உயரம் எவ்வளவு என்று சொல்லும். ஒவ்வொரு சொட்டும் புதுப் பரப்பைக் கொடுப்பதால் பழைய அழுக்கு அளவீட்டைக் கெடுக்காது. கவிஞர் யரொஸ்லவ் ஸைஃபெர்த் 1984இல் இலக்கியத்துக்குப் பெற்றார். ‘படைவீரன் ஷ்வெய்க்’கை எழுதிய ஹாஷெக்கும், 1954இல் விம்பிள்டன் வென்ற த்ரோப்னியும் யரொஸ்லவ்களே.

நமக்கு நெருக்கமானவர் யரொஸ்லவ் வாட்செக் (1943–2017). பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழும் சமஸ்கிருதமும் கற்பித்தவர். சங்க இலக்கியச் சொற்களை நுணுகி ஆராய்ந்தவர். சம்பந்தி வீட்டாரிடம் இவரைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். பேச்சு தானாக வளரும்.

இனி கூப்பிடும் முறை. நம்மைப்போல் செக்கருக்கும் விளிவேற்றுமை உண்டு. ‘முருகன்’ என்பதை ‘முருகா’ என்று அழைக்கிறோமே, அதுபோல நேரே அழைக்கையில் ‘யரொஸ்லவே’ என்றாகும்; ‘ஃப்’ மறைந்து ‘வ’ திரும்பிவிடும். வீட்டில் யாரும் அவ்வளவு நீட்டமாட்டார்கள். செல்லப்பெயர் யர்தா, அழைத்தால் ‘யர்தோ’. ‘யாரா’ என்றும் ஒரு செல்லப்பெயர் உண்டு. ஆனால் அது விளியில் ‘யாரோ’ ஆகிவிடும்; பேரனை அப்படிக் கூப்பிட நமக்கு மனம் வருமா? யர்தாவையே பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. செக் கடிதத்தில் ‘யரொஸ்லவா’ என்று கண்டால் குழம்பவேண்டாம். அது பெண்பெயராகவும் இருக்கலாம். ‘யரொஸ்லவை’, ‘யரொஸ்லவுடைய’ என்ற வேற்றுமை வடிவமாகவும் இருக்கலாம். பக்கத்துச் சொற்களைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

செக் நாட்காட்டியில் பெயருக்கென்று ஒரு நாள் உண்டு. பிறந்தநாள் போல வாழ்த்துச் சொல்வார்கள். யரொஸ்லவுக்கு அது ஏப்ரல் 27. நம் கோடையில் அவர்களுக்கு நேரம் மூன்றரை மணி பின்தங்கியிருக்கும். காலையில் எழுந்ததும் போன் போட்டுவிடாமல், நம் மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள்.