ஷெரிப் டெபுடியா சேர்றவங்களுக்கு, எப்ப கை வைக்கலாம் எப்ப சுடலாம்னு எப்படி டெஸ்ட் வைக்கிறாங்க?

கேள்வி இதுதான்: அமெரிக்காவுல ஷெரிப் டெபுடி வேலைக்கு எடுக்கிற ஆளுங்களுக்கு யூஸ் ஆஃப் ஃபோர்ஸ், அதாவது பலத்தைப் பயன்படுத்துற விஷயத்துல எப்படி டெஸ்ட் பண்றாங்க, சட்டத்தை மனப்பாடம் பண்ணி பரிட்சை எழுதினா போதுமா?

போதாதுங்க. எழுத்துப் பரிட்சை இருக்கு, ஆனா ஆளு தேறுவானா மாட்டானான்னு தெரியிற இடம் அது இல்ல. நான் போலீஸ் கிடையாது, ஐடில வேலை பாக்கிறவன். கலிபோர்னியாவுல ஒரு ஷெரிப் அகாடமியில ஆறு வருஷமா வாலன்டியரா 'ரோல் பிளேயர்' வேலை பாக்குறேன். அதாவது டெஸ்ட் நடக்கிற அன்னிக்கு குடிகாரனா, திருடனா, பொண்டாட்டிய அடிச்சவனா, மனசு சரியில்லாதவனா நான் நடிப்பேன், ரெக்ரூட், அதாவது பயிற்சியில இருக்கிற புது ஆளு வந்து என்னைக் கையாளணும், பக்கத்துல நின்னு மார்க் போடுற இவாலுவேட்டர் பாத்துக்கிட்டே குறிச்சுக்குவார். கிட்ட இருந்து பாத்ததை வச்சுத்தான் இதை எழுதுறேன்.

ஷெரிப்னு சொன்னதும் முன்னாடி சென்னையில இருந்த கௌரவப் பதவி சிலருக்கு ஞாபகம் வரலாம், இது அது இல்ல. இங்க பெரும்பாலான மாநிலத்துல கவுன்ட்டி (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர் ஷெரிப். தனியா சிட்டி போலீஸ் இல்லாத ஊருக்கு ரோந்து, கவுன்ட்டி ஜெயில், கோர்ட்டுக்குக் காவல், இதெல்லாம் அவர் ஆளுங்க பாக்கிற வேலை, அந்த ஆளுங்கதான் டெபுடி. நிறைய கவுன்ட்டியில புதுசா வர்றவங்களை முதல்ல ஜெயில் டூட்டியிலதான் போடுவாங்க. அப்புறம் ரோந்துக்கு வந்தாலும் ஊருக்கு வெளிய ராத்திரி ஒத்தையா நிக்கணும், பேக்கப் வண்டி உடனே வந்துடாது. கை வைக்கிறதைப் பத்தின டெஸ்ட்டை இவங்களுக்கு இவ்வளவு பெருசா எடுத்துக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பேப்பர் பரிட்சையை சுருக்கமா சொல்லிடுறேன். கலிபோர்னியாவுல போஸ்ட்னு ஒரு மாநில கமிஷன், 1959-லேர்ந்து இருக்கு, போலீஸ் ஆகணும்னா அவங்க வகுத்த அடிப்படைப் பயிற்சி குறைஞ்சது 664 மணி நேரம் முடிக்கணும், 40-க்கும் மேல பாடப் பகுதி, பல அகாடமி அந்த மணி நேரத்துக்கு மேலயே நடத்துவாங்க. ஒரு பரிட்சையில போனா ஒரு ரீடெஸ்ட், அதுலயும் போனா வீட்டுக்கு. டெக்சாஸ்ல கடைசியா ஒரு லைசென்ஸ் பரிட்சை, 250 கேள்வி, 70 சதவீதம் வேணும், மூணு வாய்ப்பு. மாநிலத்துக்கு மாநிலம் இப்படி மாறும்.

சட்டத்துல எல்லா மாநிலத்துக்கும் அடிப்படை ரெண்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஒண்ணு 1985-ல வந்த டென்னசி எதிர் கார்னர். மெம்பிஸ்ல 1974-ல ஒரு 15 வயசுப் பையன், ஒரு வீட்டுல புகுந்துட்டு வேலி ஏறித் தப்பிக்கப் பாத்தான், கையில ஆயுதம் இல்லேன்னு போலீஸ்காரருக்கு கிட்டத்தட்ட தெரியும், இருந்தும் சுட்டார், பையன் செத்துட்டான். அவன்கிட்ட இருந்தது ஒரு பர்ஸும் 10 டாலரும். ஓடுறான்ங்கிறதுக்காக மட்டும் சுடக்கூடாது, அவனால யாருக்காவது பெரிய ஆபத்து இருக்குன்னு நம்ப காரணம் இருந்தாத்தான்னு கோர்ட் சொல்லிடுச்சு.

இன்னொண்ணு 1989, கிரஹாம் எதிர் கானர். இதை நான் கேட்டப்ப எங்க வீட்டு ஞாபகம்தான் வந்துச்சு, ஏன்னா எங்க அம்மாவுக்கும் சர்க்கரை. நார்த் கரோலினாவுல சார்லட் ஊர்ல கிரஹாம்னு ஒரு சுகர் பேஷன்ட், சுகர் இறங்குது, ஆரஞ்சு ஜூஸ் வாங்க ஃபிரெண்ட் கார்ல கடைக்குப் போறார், உள்ள நீள கியூ, சரி வேற எங்கயாவது போலாம்னு வேகமா வெளிய வந்துட்டார். அந்த வேகத்தைப் பாத்த போலீஸ்காரருக்கு சந்தேகம், காரை நிறுத்திட்டாங்க, அவர் தலை சுத்தித் தடுமாறுறதை குடிபோதைன்னு நினைச்சு விலங்கு போட்டாங்க, எல்லாம் முடிஞ்சு பாத்தா கால் எலும்பு உடைஞ்சிருக்கு. கடையில எதுவும் நடக்கவே இல்ல. இந்த கேஸ்லதான் அளவுகோல் வந்துச்சு: அதே இடத்துல, அதே அவசரத்துல நிக்கிற ஒரு நியாயமான அதிகாரி என்ன பண்ணியிருப்பார்னு பாக்கணும், பின்னாடி உக்காந்து யோசிச்சு சொல்லக்கூடாது. குற்றம் எவ்வளவு பெருசு, ஆளால உடனடி ஆபத்து இருக்கா, எதிர்க்கிறானா இல்ல ஓடப் பாக்கிறானா, இந்த மூணையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ரெக்ரூட் ஒப்பிப்பான்.

கலிபோர்னியா இதோட நிக்கல. சாக்ரமென்ட்டோவுல 2018-ல ஸ்டெஃபான் கிளார்க்னு ஒரு இளைஞரை அவரோட பாட்டி வீட்டுப் பின்பக்கமே போலீஸ் சுட்டுக் கொன்னுட்டாங்க, துப்பாக்கின்னு நினைச்சாங்க, கையில இருந்தது செல்போன். அதுக்கப்புறம் கிளம்பின போராட்டத்துலதான் மாநில குற்றச் சட்டத்துல போலீஸ் பலம் பயன்படுத்துறதைப் பத்தின 835ஏ பிரிவை மாத்தினாங்க, 2020 ஜனவரி 1-லேர்ந்து நடைமுறை. உயிர் போற அளவு பலம் பயன்படுத்தணும்னா அது 'தேவையா' இருக்கணும். தனக்கு மட்டுமே ஆபத்தா இருக்கிற ஆளை, அதாவது தற்கொலை பண்ணிக்கப் போறேன்னு கத்தியோட தனியா நிக்கிறவனை, அந்தக் காரணத்துக்காக சுடக்கூடாதுன்னு எழுத்துலயே இருக்கு. அப்புறம் சுட்ட நொடியை மட்டும் பாக்காம, அதுக்கு முன்னாடி அதிகாரி நடந்துக்கிட்ட விதத்தையும் சேத்துப் பாக்கணும்னும் இருக்கு. இந்தக் கடைசி வரியை மனசுல வச்சுக்குங்க, திரும்ப வர்றேன்.

நான் இதுல எப்படி வந்தேன்னு சொல்லணும். 2017 குளிர்காலம், எங்க அப்பா திருநெல்வேலியிலேர்ந்து வந்திருந்தார், 74 வயசு, இங்கிலீஷ் சுத்தமா வராது. விடிகாலையில குரங்கு குல்லா போட்டுக்கிட்டு ரெண்டு கையையும் ஸ்வெட்டருக்குள்ள விட்டுக்கிட்டு ரோட்டோரமா நடப்பார், யாரோ அக்கம்பக்கத்துல போன் பண்ணிட்டாங்க, சந்தேகப்படுற மாதிரி ஒரு ஆள் வீடு வீடா பாத்துக்கிட்டு போறான்னு. வந்தது ஒரு லேடி டெபுடி. அவங்க ஏதோ கேக்க, அப்பா 'எய்யா' 'அம்மா'ன்னு ஏதேதோ சொல்லிக்கிட்டே அட்ரஸ் எழுதின பேப்பரை எடுக்க உள்பாக்கெட்ல கையை விட்டிருக்கார். அந்தப் பொண்ணு ரெண்டு அடி பின்னால போய் கார் இஞ்சின் பக்கமா நின்னுக்கிட்டு, தன் ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சுக் காட்டியிருக்கு. அப்பாவும் அதே மாதிரி விரிச்சுக் காட்டியிருக்கார். அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு, வீட்டு வாசல்ல கொண்டுவந்து விட்டுட்டுப் போனாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அலபாமாவுல மேடிசன்ங்கிற ஊர்ல 2015 பிப்ரவரியில சுரேஷ்பாய் படேல்னு குஜராத்லேர்ந்து பேரனைப் பாத்துக்க வந்த தாத்தா, இதே மாதிரி நடந்துக்கிட்டு இருந்தவரைத்தான் போலீஸ்காரர் தரையில வீழ்த்தினதுல உடம்பு ஓரளவு செயலிழந்துபோச்சு. அங்கயும் யாரோ போன் பண்ணினதுதான், மொழி தெரியாததுதான். அந்த அதிகாரி மேல கேஸ் நடந்து கடைசியில விடுதலை ஆயிட்டார். ஒரு தாத்தாவுக்கு இப்படி, எங்க அப்பாவுக்கு அப்படி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை யார், எங்க சொல்லிக் குடுக்கிறாங்கன்னு தெரிஞ்சே ஆகணும்னு தோணுச்சு. அகாடமியில ரோல் பிளேயர் தேடுறாங்கன்னு கேள்விப்பட்டதும் போயிட்டேன்.

டெஸ்ட் நாள் அன்னிக்கு காலையில முதல் வேலை சோதனைதான். உண்மையான துப்பாக்கி, குண்டு, கத்தி எதுவும் உள்ள வரக்கூடாது, ஒருத்தர் தடவிப் பாத்ததும் இன்னொருத்தர் திரும்பத் தடவிப் பாப்பார், இவாலுவேட்டரையும் சேத்து. அப்புறம் முகக்கவசம், கழுத்துக்குப் பட்டை. ரெக்ரூட் கையில இருக்கிற துப்பாக்கியில பெயின்ட் மாதிரி கலர் ஒட்டுற குண்டு, பட்டா ஸ்வெட்டரையும் தாண்டி சுளீர்னு இருக்கும், தழும்பு ரெண்டு வாரம் நிக்கும்.

ஒரு தடவை எனக்குக் குடுத்த பாகம், கிட்டத்தட்ட எங்க அப்பாதான். இங்கிலீஷ் தெரியாத வயசாளி, பாக்கெட்டுக்குள்ள கை, உள்ள கருப்புக் கலர் மூக்குக் கண்ணாடிக் கூடு. தமிழ்லயே பேசுங்கன்னுட்டாங்க. ரெக்ரூட் குரலைத் தாழ்த்தினாலோ சைகை காட்டினாலோ கையை மெதுவா எடுக்கணும், கத்திக்கிட்டே கிட்ட வந்தா சட்டுனு எடுக்கணும், இதுதான் எனக்கு ஸ்கிரிப்ட்.

முதல்ல வந்த பையன், வகுப்புலயே எழுத்துல நல்ல மார்க்குன்னு பேரு. வந்தவன் நேரா என் மூஞ்சிக்கு நாலடி தூரத்துல வந்து நின்னுட்டான். "கையை வெளிய எடு!" நான், "என்னப்பா வேணும், பேரனுக்குப் பால் வாங்கப் போறேன்"ங்கிறேன். "கையை வெளிய எடு!" அதே வார்த்தை, ஒவ்வொரு தடவையும் சத்தம் மட்டும் கூடுது, ஆறு தடவை எண்ணினேன், மூணாவதுலயே அவன் கை துப்பாக்கி மேல போயிடுச்சு. நான் சட்டுனு எடுத்தேன். ரெண்டு குண்டு, ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு தோள்ல. கூடு கீழ விழுந்து திறந்து கண்ணாடி வெளிய வந்து கிடக்கு, அந்தப் பையன் அதையே பாத்துக்கிட்டு நிக்கிறான், முகமூடிக்குள்ள அவன் மூச்சு வாங்குற சத்தம் எனக்குக் கேக்குது.

இவாலுவேட்டர் திட்டல. "என்ன பாத்த?"ன்னு மட்டும் கேட்டார். "கன்"னான். "என்ன பாத்த?" "கருப்பா ஒண்ணு." "அதுக்கு முன்னாடி?" பதில் இல்ல. அவன் மார்க் போனது சுட்டதால மட்டும்னு நினைக்காதீங்க, கருப்பா ஒண்ணு சட்டுனு வெளிய வந்தா நல்ல அதிகாரிகூட தப்புப் பண்ணலாம்னு அவரே சொன்னார். ரெண்டடி தள்ளி ஒரு கார் நிக்குது, அதுக்குப் பின்னால ஏன் போகல? மொழி புரியலன்னு எப்ப தெரிஞ்சுது, தெரிஞ்சப்புறம் வேற என்ன முயற்சி பண்ணின? ரேடியோவுல யாரையாவது கூப்பிட்டியா? அந்த முப்பது செகண்ட்லதான் எல்லாமே போயிருந்துச்சு. மேல சொன்னேனே அந்த வரி, அது இதுதான். சுப்ரீம் கோர்ட்டும் 2025 மே மாசம் பார்ன்ஸ் எதிர் ஃபீலிக்ஸ் தீர்ப்புல கிட்டத்தட்ட இதையேதான் எல்லா நீதிபதியும் சேர்ந்து சொல்லியிருக்காங்க. ஹூஸ்டன் பக்கம் டோல் பாக்கிக்காக நிறுத்தின கார் நகர, அதிகாரி அது மேல தாவி ஏறிச் சுட்ட கேஸ், அந்தக் கடைசி ரெண்டு செகண்டை மட்டும் தனியா வெட்டி எடுத்துப் பாக்கக்கூடாதுன்னுட்டாங்க.

ரெண்டாவது வந்த பொண்ணு என்னைப் பாத்ததும் காருக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. ஒரு தடவை சொல்லிப் பாத்துது, நான் தமிழ்ல பேசினதும் நிறுத்திட்டு தோள் ரேடியோவுல மொழி பெயர்க்க ஆள் கேட்டுது, அப்புறம் தன் கையையே பாக்கெட்ல விட்டு மெதுவா வெளிய எடுத்து எனக்குக் காட்டுச்சு. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு, நடிக்கணுமேன்னு கஷ்டப்பட்டுக் கையை எடுத்தேன். மொத்தம் ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

சீனாரியோ, அதாவது இந்த நடிப்புச் சோதனை முடிஞ்சாலும் டெஸ்ட் முடியாது, ரிப்போர்ட் எழுதணும். 'அவர் சந்தேகப்படுற மாதிரி அசைஞ்சார்', 'எனக்கு பயமா இருந்துச்சு'ன்னு எழுதினா திருப்பிக் குடுத்துடுவாங்க. எந்தக் கை, எந்தப் பாக்கெட், எவ்வளவு தூரம், நான் என்ன சொன்னேன், அவர் என்ன பண்ணினார், அப்புறம் ஏன் இதைப் பண்ணினேன், ஒவ்வொண்ணா வரணும். பாக்கத் தெரியாதவனால எழுத முடியாது, அதனால இந்தப் பேப்பர்லயே நிறைய பேர் மாட்டுவாங்க. இன்னொண்ணு, நிறுத்துறது. ஜெயில் சீனாரியோவுல நான் முதல்ல முரண்டு பிடிச்சுட்டு, கையைப் பின்னால கட்டினதும் உடம்பைத் தளர விட்டுடுவேன், அந்த நொடி முட்டியை என் முதுகுலேர்ந்து எடுத்து என்னை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறாங்களா, மூச்சு சரியா வருதான்னு கேக்கிறாங்களான்னு பாப்பாங்க. கூட இருக்கிறவன் எல்லை மீறினா தடுக்கணும்ங்கிறதும் சட்டத்துலயே இருக்கு, அதையும் சோதிப்பாங்க.

அந்த முதல் பையனுக்குத் தனியா பயிற்சி குடுத்து சில நாள் கழிச்சு வேற சீனாரியோவுல ரீடெஸ்ட் வச்சாங்க. அதுல தேறிட்டான், நான் அன்னிக்கும் இருந்தேன், தூரமா நின்னு பேசினான், கேள்விக்கு வரி வரியா பதில் சொன்னான். அதுலயும் போயிருந்தா அவ்வளவுதான், எத்தனை மார்க் வாங்கியிருந்தாலும் அனுப்பிடுவாங்க, அப்படி அனுப்பினதையும் பாத்திருக்கேன்.

எனக்குக் குறைன்னு படுறது ஒண்ணுதான், இந்த மாதிரி ஆள் வச்சுப் பண்ற சோதனைக்கு ஒதுக்குற நேரம் பத்தவே பத்தாது. சுடுறதுல ஒரு ரெக்ரூட் எத்தனை ஆயிரம் ரவுண்டு பழகுறான், அந்நிய மொழி பேசுற ஒரு ஆளை எதிர்ல நிறுத்திப் பழகுறது விரல் விட்டு எண்ணலாம். சிறு அகாடமியில நடிக்க ஆளே கிடைக்காம ரெக்ரூட்டையே ரெக்ரூட்டுக்கு எதிரா நிறுத்துவாங்க, ஒரே வகுப்புப் பசங்க, ஒருத்தனை ஒருத்தன் தெரியும், அதுல என்ன பயம் வரும்?

அப்பா அம்மாவை இங்க கூட்டிட்டு வர்றவங்க, அட்ரஸும் உங்க போன் நம்பரும் எழுதின அட்டையை பாக்கெட்ல போடாம கழுத்துல தொங்க விடுங்க, போலீஸ் நிறுத்தினா எதையும் எடுக்கப் போகாம ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டச் சொல்லி வீட்டுலயே நாலு தடவை பழக்கிடுங்க. கலிபோர்னியாவுலயோ வேற மாநிலத்துலயோ இருக்கிறவங்க உங்க கவுன்ட்டி ஷெரிப் அகாடமிக்கு போன் பண்ணி ரோல் பிளேயர் வேணுமான்னு கேளுங்க, சனிக்கிழமை ஒரு நாள் போதும். எங்க அகாடமியில தமிழ் பேசுற ஆளு நான் ஒருத்தன்தான், வயசானவங்களும் பொம்பளைங்களும் ரொம்பவே தேவைப்படுறாங்க.