பழைய சிறிய பாய்மரப் படகு: பராமரிப்பு, பாதுகாப்பு, உள்ளூர் படகுக்காரர்களின் பேச்சு

"16 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். கரையில் நிற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? முதலில் எதைச் சரிபார்ப்பது? தனியாகப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிட்டத்தட்ட இதே அளவுப் படகைப் பல வருடங்களாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். காற்று, நீரோட்டம், அடித்தரை இந்த மூன்றைப் பற்றி உள்ளூர்க்காரர் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். படகின் பாகங்களைப் பற்றிச் சொன்னால் மட்டும் "ஏன்?" என்று ஒரு கேள்வி போடுங்கள். "இந்தக் கம்பி இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்று தட்டிக் காட்டுபவருக்கு அந்தக் கம்பி எப்போது மாட்டியது என்றே தெரியாது. "மத்தியானத்துக்கு மேல் அந்த முனையைத் தாண்டாதே" என்பவரோ அங்கே எதையோ பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்.

படகிலிருந்தே தொடங்கலாம். பாய்மரத்தை இறக்கிக் கிடத்தி வைத்துப் பாருங்கள். நின்ற நிலையில் பார்த்தால் பாதிதான் தெரியும்.

மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகள் பெரும்பாலும் 19 இழைகளை முறுக்கிய துருப்பிடிக்காத எஃகு. இவை நடுவில் அறுவது அபூர்வம். முனையில், கம்பியை ஒரு சிறு குழாய்க்குள் நுழைத்து நசுக்கிப் பிடித்திருப்பார்களே, அந்த வாயருகில்தான் அறும். அதிலும் கீழ்முனைதான் மோசம். அங்கே குழாயின் வாய் மேலே பார்த்திருக்கும். கம்பி வழியாக வழியும் உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கித் தங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் படாத இடுக்கில் அது கிடைக்காது, அரிப்பு உள்ளுக்குள்ளேயே நடக்கும். வெளியே உங்களுக்குத் தெரிவது பழுப்பாக ஒரு மெல்லிய கோடு மட்டும்தான்.

பழைய துணி அல்லது பஞ்சை எடுத்துக் கம்பி முழுக்க இழுத்துக்கொண்டே போங்கள். வெறும் கையால் வேண்டாம், அறுந்த இழை தோலைக் கிழித்துவிடும். பஞ்சு எங்காவது சிக்கினால் நின்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியோடு, எதிர்ப்பக்கம் அதற்கு இணையான கம்பியையும் மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே பாடுபட்டவை. வயதே தெரியாத கம்பி என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், மொத்தமாக மாற்றிவிடுவேன். இந்த அளவுப் படகுக்கு ஆகும் கம்பி கொஞ்சம்தான்.

கம்பிகளைப் படகோடு பிணைக்கும் முளைகளில் சிறிய பிளவு ஊசிகளோ வளையங்களோ இருக்கும். மரம் விழுந்த கதைகளில் பாதி இந்தத் துக்கடாச் சாமான் கழன்றதால் வந்தவை என்பது என் கணிப்பு. ஊசியின் காலை லேசாக விரித்தால் போதும். முழுக்க மடக்கிவிட்டால் அடுத்த முறை நிமிர்த்தும்போது ஒடியும். மேலே ஒரு சுற்று டேப் சுற்றினால் பாயும் கிழியாது, ஊசியும் எதிலும் மாட்டி உருவிக்கொள்ளாது. அலுமினிய மரத்தில் எஃகுத் திருகு இறங்கும் இடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால், இரண்டு உலோகங்களும் உப்புநீரோடு சேர்ந்து அலுமினியத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று பொருள். கழற்றி, சுத்தம் செய்து, இதற்கென்றே விற்கும் காப்புப் பசையைத் தடவி மாட்டுங்கள்.

அப்புறம் உடல். பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பது போல, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தளத்தையும் அடிப்பாகத்தையும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற சத்தம் திடீரென்று மந்தமானால் அந்த இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கலாம், இல்லை உள்ளே நீர் கோத்திருக்கலாம். கம்பிகள் உடலில் பிடிக்கும் இடம், மரத்தின் அடி, சுக்கானைத் தாங்கும் கீல்கள் மூன்றையும் கட்டாயம் தட்டுங்கள். சுக்கானை மேலும் கீழும் தூக்கி ஆட்டியும் பாருங்கள். படகு குப்புறக் கவிழும்போது சுக்கான் நழுவி விழாதபடி ஒரு தடுப்பு இருக்க வேண்டும்.

பலரும் மறப்பது மிதவை அறைகளை. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருப்பது அவற்றுக்குள் அடைபட்டிருக்கும் காற்றால்தான். மூடி சரியில்லை என்றால் அந்த அறை நீர்த்தொட்டிதான். மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, வடிகால் துளை வழியாகக் குழாய் வைத்து வாயால் மெல்ல ஊதுங்கள். குமிழி வரும் இடமெல்லாம் ஒழுகும் இடம். கம்ப்ரசர் வேண்டாம், அறை பிளந்துவிடும். உள்ளே ஃபோம் இருந்தால் அது நீர் குடித்திருக்கிறதா என்று பாருங்கள்; நீர் குடித்த ஃபோம் படகை மிதக்கவைக்காது, பாரமாக்கும். வடிகால் அடைப்பான் உபரியாக ஒன்று வாங்கிப் படகிலேயே கட்டிவையுங்கள். அதை மாட்டாமல் படகை இறக்குவது எல்லாக் கரையிலும் நடக்கிற வேடிக்கை.

பாய்க்கு எதிரி வெயில். துணிக்கு முன் தையல்நூல் போகும். நகத்தால் தையலைச் சுரண்டுங்கள்; நூல் பிரிந்தால் மறுதையல் போட வேண்டிய நேரம். கரையில் நிறுத்தி வைத்துக்கொண்டு பாயைப் படபடவென்று அடிக்கவிடாதீர்கள், ஓட்டுவதைவிட அதுதான் பாயைச் சீக்கிரம் கெடுக்கும். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, உறைபோட்டு வையுங்கள். கயிறுகளுக்கும் இதேதான். பின்னால் மாட்டும் சிறு மோட்டார் இருந்தால், உப்புநீரில் ஓட்டிய ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். அவ்வளவுதான்.

இனி கரைப் பேச்சுக்கு வருகிறேன்.

"இங்கே பாதுகாப்பா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றுதான் பதில் வரும். நான் கேட்பது வேறு: "என்றைக்கு நீங்கள் போகமாட்டீர்கள்?" இதற்கு யாரும் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. எந்தத் திசைக் காற்றென்றால் இறங்கமாட்டார், எந்த நேரத்துக்குள் திரும்பிவிடுவார், எந்த மேகத்தைக் கண்டால் பாயைச் சுருட்டுவார் எல்லாம் தானாக வெளியே வரும். எனக்கு இப்படிப் பதில் சொன்ன ஒரு வயதான படகுக்காரர் பேசிக்கொண்டே தண்ணீரைக் கைகாட்டினார். தூரத்தில் ஒரு கருத்த பட்டை. நீர்மேல் சிற்றலைகள் நெருக்கமாக எழுந்து ஒளி மங்கிய இடம். "அது இங்கே வருவதற்குள் கயிற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்" என்றார். பேச்சு முடியும் முன்பே அந்தக் காற்று கரையில் கட்டியிருந்த படகுகளை ஒருசேர ஆட்டியது. அன்றிலிருந்து ஓட்டும்போது நான் பாயைப் பார்ப்பதைவிடக் காற்று வரும் பக்கத்துத் தண்ணீரைப் பார்ப்பதுதான் அதிகம்.

கேட்க வேண்டிய மற்றவை: பகலில் கடற்காற்று எத்தனை மணிக்கு எழும்புகிறது, எப்போது உச்சத்துக்குப் போகிறது. குன்று, கட்டடம், மரக்கூட்டம் இவற்றின் இடைவெளியில் காற்று எங்கே பீறிட்டு வருகிறது. வலைகள் எங்கே போட்டிருப்பார்கள். மணல்திட்டு இந்த வருடம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் கடல் வரைபடம் அச்சாகிப் பல வருடம் ஆகியிருக்கலாம். மணல் அதற்காகக் காத்திருக்காது. ஆற்றுமுகத்துவாரம் இருந்தால் அங்கே எப்போது போகக்கூடாது என்று தனியாகக் கேளுங்கள். நீர் வற்றி வெளியே ஓடும் நேரத்தில் எதிரே கடலலையோ காற்றோ வந்தால் அலைகள் குட்டையாகச் செங்குத்தாக எழுந்து உடையும். ஒரு மணி நேரத்துக்கு முன்பு சுலபமாகத் தாண்டிய இடத்தையே அப்போது தாண்ட முடியாது.

மின்கம்பிகளைப் பற்றியும் கேளுங்கள். அலுமினிய மரம் மின்சாரத்தைக் கடத்தும், கார்பன் மரமும் கடத்தும். ஆபத்து தண்ணீருக்கு மேல் மட்டுமில்லை. மரத்தை நிமிர்த்தும் மைதானத்தில், டிரெய்லரைத் தள்ளிக்கொண்டு போகும் பாதையில் தலைக்கு மேல் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

இருவர் எதிரெதிராகச் சொன்னால் அவரவர் படகைப் பாருங்கள். மோட்டார் படகுக்காரருக்கு ஒன்றரை அடி ஆழம் போதும். நடுப்பலகையை, அதாவது படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் இறக்கும் பலகையை, இறக்கிய உங்கள் படகுக்கு மூன்று நான்கு அடி வேண்டியிருக்கும். "அங்கே நிறையத் தண்ணீர்" என்று அவர் சொல்வது பொய்யில்லை, அவர் படகுக்கு உண்மை. எல்லாவற்றையும்விட நல்லது, அதே மாதிரிப் படகு வைத்திருப்பவரோடு ஒருநாள் உதவியாளாகப் போய்வருவது. சொல்ல மறந்ததையெல்லாம் அவர் கை செய்துகாட்டிவிடும்.

ஓட்டும்போது மனதில் இருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பாயின் மேல் விழும் விசை, காற்றின் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 10 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 14 ஆனால் விசை ஏறக்குறைய இரட்டிப்பு, 20 ஆனால் நான்கு மடங்கு. காற்றோடு போகும்போது இது உறைக்காது. 15 நாட் காற்றில் நீங்கள் 5 நாட் வேகத்தில் போனால் முகத்தில் படுவது 10தான், சுகமாக இருக்கும். திரும்பி எதிர்க்காற்றில் 4 நாட் வேகத்தில் சாய்வாக ஏறத் தொடங்கினால் அது 18க்கு அருகே போகும்; விசை மூன்று மடங்குக்கு மேல். அதனால் புதியவர் முதலில் காற்றை எதிர்த்து ஏறிப்போய், களைத்த பிறகு காற்றோடு வீடு திரும்பட்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இன்னொரு ஏமாற்று: கரையோரத்தில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், உள்ளே போகப் போகத்தான் அலை தெரியும், திரும்பவோ எதிர்க்காற்று. அந்த நாட்களை ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள்.

வெள்ளை நுரை பரவலாகத் தெரிகிறதா? காற்றின் வலிமையைச் சொல்லும் போஃபர்ட் அளவில் அது 4, அதாவது 11 முதல் 16 நாட். அனுபவம் இருப்பவருக்கு நல்ல ஓட்டம், முதல் பருவத்தில் இருப்பவருக்கு வேண்டாம். பாயைக் குறைக்கலாமா என்ற எண்ணம் எழுந்த உடனே குறைத்துவிடுங்கள். எப்படிக் குறைப்பது என்பதைக் கரையில் நின்றபடியே கை பழகும்வரை செய்துபாருங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பும்போது பாயின் அடிக்கம்பு ஒரே வீச்சில் மறுபக்கம் பாயும். தலையைக் குனியச் சொல்லி எல்லாருக்கும் குரல் கொடுத்துவிட்டு, கயிற்றை உள்ளே இழுத்து, பிறகு திரும்புங்கள். பலத்த காற்றில் இந்தத் திருப்பத்தையே தவிர்த்து, படகின் முகத்தைக் காற்றுக்குக் காட்டி எதிர்ப்பக்கமாகச் சுற்றி வருவது கௌரவக்குறைச்சல் ஒன்றும் இல்லை.

வழிவிடும் விதிகள் 1972 பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளில் இருக்கின்றன. இரு பாய்மரப் படகுகள் எதிர்ப்பட்டால் காற்றை இடப்பக்கம் வாங்கும் படகு விலக வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் வாங்கினால் காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும். முந்துபவர் எப்போதும் விலக வேண்டும். குறுகிய வாய்க்காலில் பெரிய கப்பலின் வழியில் "நான் பாய்மரம், எனக்கே முன்னுரிமை" என்று நிற்க உங்களுக்கு உரிமை இல்லை.

உயிர்காப்பு அங்கி பெட்டிக்குள் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். 50 நியூட்டன் வகை (அங்கியின் மிதப்பு விசையைக் குறிக்கும் எண்) நீந்தத் தெரிந்தவருக்கு, பக்கத்தில் உதவி இருக்கும் இடத்துக்கு மட்டும். கரையை விட்டு விலகினால் 150. தொடையிடைப் பட்டை இல்லாத அங்கி தண்ணீரில் முகத்துக்கு ஏறிவிடும். குளிர்ந்த நீர் என்றால் 1-10-1 என்று நினைவில் வையுங்கள்: மூச்சுத் திணறல் தணிய 1 நிமிடம், கை கால் உருப்படியாக இயங்க 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்கட்டும், மறுமுனை படகில் கட்டியிருக்கட்டும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வானொலி இருந்தால் ஆபத்து அழைப்புக்கு விஎச்எஃப் அலைவரிசை 16.

தனியாகப் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. கரைக்கு அருகே, மென்காற்றில், ஒருவர் வேறு படகில் காவல் இருக்க, உங்கள் படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். பாயின் கயிறுகளைத் தளர்த்துங்கள், படகின் முகத்தைக் காற்றுக்குத் திருப்புங்கள், நடுப்பலகையில் ஏறி உடம்பைப் பின்னால் சாய்த்து நிமிர்த்துங்கள், உள்ளே ஏறித் தண்ணீரை இறையுங்கள். படகை விட்டு நீந்திக் கரைக்குப் போகலாம் என்ற நினைப்பே வரக்கூடாது. தலை தெரிவதைவிடப் படகு பல மடங்கு தூரத்திலிருந்து தெரியும். களைத்திருக்கும்போதும் யார் உதவியும் இல்லாமல் இதை முழுக்கச் செய்ய முடிகிறது என்றால் தனியாகப் போகலாம். நிமிர்த்த முடிந்தும் உள்ளே ஏற முடியவில்லை என்றால், பின்பக்கம் காலை வைத்து ஏற ஒரு கயிற்று வளையம் கட்டிக்கொண்டு மறுபடி முயன்று பாருங்கள், அதுவரை துணையோடுதான்.