தேதி போட்டு எழுதி வையுங்கள்

1997-இல் மதுரையில் வக்கீல் கவுன் மாட்டினேன். பெண்களுக்கான சட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதியும் வருகிறேன். வந்திருக்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, திருநெல்வேலியில் ஜவுளிக்கடை வேலை. காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும். கால் வீங்கிப்போகுது. உட்கார்ந்தா திட்டுறாங்க. இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா?

இருக்கு தங்கச்சி. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். கடையில் எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கை போட்டிருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். கேரளத்தில் 2018-லேயே இந்த உரிமை வந்துவிட்டது, அதுவும் கடைப் பெண்களே தெருவில் இறங்கிப் போராடி வாங்கியது. பெண்களின் நலம் என்றதும் தியானம், மூச்சுப் பயிற்சி என்று பேச ஆரம்பிக்கிறார்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு ஸ்டூல்.

இன்னொன்று: அதே சட்டப்படி நாளைக்கு 8 மணி நேர வேலைதான். ஓவர்டைம் சேர்த்தாலும் 10 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒரு சின்ன நோட்டு வாங்கி, எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விட்டார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்று தினமும் தேதி போட்டு எழுதுங்கள். ஒரு மாதம் எழுதியதும் நாலைந்து பேராகச் சேர்ந்து தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம்.

மேடம், 2 வருஷமா ஒரு வக்கீல்கிட்ட ஜூனியரா இருக்கேன். பசங்களை வாதாட அனுப்புறாங்க. எனக்கு வாய்தா வாங்குற வேலை மட்டும்தான். சம்பளமும் சரியா வரல.

எனக்கும் அப்படித்தான் போனது, முதல் 3 வருஷம். வழக்குக் கட்டு தூக்கினேன், வாய்தா வாங்கினேன். ஆனால் கைக்கு வந்த ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பக்கத்தில் தேதிவாரியாகக் குறிப்பு எழுதி மேலே வைத்துக் கட்டிவிடுவேன். ஒரு நாள் சீனியர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். பாகப்பிரிவினை வழக்கு, மூன்றாவது தடவையாக வாய்தா கேட்கிறேன். "கிரயப் பத்திரம் எந்த வருஷம்?" என்றார் நீதிபதி. சொன்னேன். அடுத்ததைக் கேட்டார், அதையும் சொன்னேன். "நீங்களே நடத்துங்கம்மா" என்றார். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. அந்தக் குறிப்புத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி வாய் திறக்க வெட்கப்படாதீர்கள். உயர் நீதிமன்றம் சொன்னதையொட்டி 2024-இல் நம் வழக்கறிஞர்கள் அமைப்பான பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது: சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. அதைப் பிரின்ட் எடுத்து சீனியரிடம் மரியாதையாகவே காட்டுங்கள். அப்போதும் வாதாட விடவில்லை என்றால் சேம்பரை மாற்றுங்கள். இது நன்றி கெட்டதனம் இல்லை.

ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கச் சொல்றாங்க. ஜெயிச்சா எல்லாத்தையும் வீட்டுக்காரர் பார்த்துக்குவார்னும் சொல்றாங்க. நிற்கலாமா?

நில்லுங்கம்மா. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தது நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார. தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு முதல் நாளே இடம் கொடுக்காதீர்கள். கணக்கில் தப்பு நடந்தால் ஆட்சியரின் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும், அவர் பெயருக்கு வராது. வருஷத்துக்கு 6 கிராம சபை நடக்கும். ஆறிலும் நீங்களே பேசுங்கள், திக்கினாலும் பரவாயில்லை.

எங்க ஆபீஸில் 7 பேர்தான். மேலாளர் ராத்திரியில் அசிங்கமா மெசேஜ் அனுப்புறார். இங்கே புகார்க் குழு கிடையாது.

10 பேருக்குக் கீழ் வேலை செய்யும் இடம் என்றால் பாலியல் தொல்லைப் புகார்களுக்கென்று மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்க முடியும். மெசேஜை அழித்துவிடாதீர்கள், அருவருப்பாக இருந்தாலும்.

இலவச சட்ட உதவிக்கு வருமானச் சான்று கேட்பார்களா?

பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. 15100-க்கு போன் செய்யுங்கள்.

இத்தனை பேர் கஷ்டத்தைக் கேட்கிறீங்களே, நீங்க எப்படி இருக்கீங்க அம்மா?

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, கண்ணு. ஒரு புத்தகத்தை முடிக்கிற நேரத்தில் 4 மாதம் எனக்குத் தூக்கமே இல்லை. வழக்குக்காக வந்த கட்சிக்காரப் பெண்ணின் காயத்தைப் பார்த்துவிட்டு வந்தால் சோறு இறங்காது. மனநல மருத்துவரிடம் போனேன். வக்கீலம்மாவுக்கே பைத்தியமா என்பார்களே என்று 2 முறை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி மேடையில் பேசியவளே நான்தான்.

எத்தனை மணிக்குத் தூங்குகிறேன் என்று எழுதி வரச் சொன்னார் மருத்துவர். ஊருக்கெல்லாம் தேதி போட்டு எழுதச் சொன்ன எனக்கு, என்னைப் பற்றி எழுத ஒரு வரி கூட இல்லை. முதல் நாள் எழுதியது: "3.10. இன்னும் முழிப்பு." இப்போது ஞாயிற்றுக்கிழமையில் கட்சிக்காரர்களைப் பார்ப்பதில்லை. உனக்கும் தூக்கம் போனால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு போன் பண்ணு, தமிழிலேயே பேசலாம்.