ஃபால்ட் கணக்கு எங்கே தப்புகிறது?

கேள்வி: எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மின் விநியோகத் துறையில் சேர ஆசை. ஆனால் ஃபால்ட் (மின்பழுது) நேர்ந்தால் எவ்வளவு கரண்ட் பாயும் என்று பார்க்கும் கணக்குகள் அடிக்கடி தப்பாகின்றன. மென்பொருளில் போடப் பழகிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரின் திறன், ஃபால்ட்டைக் கண்டு அதற்கு உத்தரவிடும் ரிலேயின் செட்டிங், எர்த்திங் எல்லாம் இந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கின்றன. உள்ளே கொடுத்த எண் தப்பு என்று மென்பொருள் சொல்லாது. அதைப் பிடிக்கும் கண் உங்களுக்குத்தான் வேண்டும்.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் பெர் யூனிட் பேஸ், அதாவது எல்லா மதிப்புகளையும் விகிதமாக எழுத அடிப்படையாக எடுக்கும் அளவு. 10 எம்விஏ, 33/11 கேவி டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 8%; 33 கேவி பக்கம் ஃபால்ட் லெவல் (ஃபால்ட்டின்போது சப்ளை தரக்கூடிய அளவு) 500 எம்விஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் 10 எம்விஏ என்றால் சோர்ஸின் (33 கேவி சப்ளையின்) இம்பீடன்ஸ் 10/500 = 0.02, டிரான்ஸ்ஃபார்மர் 0.08, மொத்தம் 0.10. 11 கேவியில் பேஸ் கரண்ட் 525 ஆம்பியர். ஆகவே த்ரீ ஃபேஸ் ஃபால்ட் (மூன்று ஃபேஸும் சேர்ந்து ஷார்ட் ஆவது) கரண்ட் 525 ÷ 0.10 = 5,250 ஆம்பியர்.

இதையே 100 எம்விஏ பேஸில் போடுங்கள். சோர்ஸ் 0.2, டிரான்ஸ்ஃபார்மர் 0.8, பேஸ் கரண்ட் 5,250, விடை மாறாது. அந்த 8% டிரான்ஸ்ஃபார்மரின் சொந்தத் திறனுக்கு உரியது என்பதை மறந்து 0.08 என்றே விட்டால் சுமார் 18,700 ஆம்பியர் வரும். மூன்றரை மடங்கு பிழை! எந்தக் கணக்கையும் இரண்டு பேஸில் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த சிக்கல் ஜீரோ சீக்வென்ஸ், அதாவது மூன்று ஃபேஸிலும் ஒரே அளவில் ஒரே நேரத்தில் ஒரே திசையில் பாயும் கரண்ட் பகுதி. சமநிலையற்ற கரண்ட்டைப் பாசிட்டிவ், நெகட்டிவ், ஜீரோ என்று மூன்று பகுதிகளாகப் பிரிக்கும் சீக்வென்ஸ் முறையை இன்ஜினியர் ஃபோர்டெஸ்க்யூ 1918-இல் தந்தார். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம், டிரான்ஸ்ஃபார்மர் கனெக்‌ஷனைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மேலே சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் 33 கேவி பக்கம் டெல்டா, 11 கேவி பக்கம் ஸ்டார், நியூட்ரல் நேரடியாக எர்த் செய்யப்பட்டது என்றால், ஜீரோ சீக்வென்ஸ் கரண்ட் டெல்டாவைத் தாண்டி 33 கேவி லைனுக்குப் போகாது. அதனால் ஜீரோ சீக்வென்ஸில் சோர்ஸின் 0.02-ஐச் சேர்க்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரின் ஜீரோ சீக்வென்ஸ் மதிப்பும் 0.08 என்றே கொண்டால், 11 கேவி பஸ்பாரில் ஒரு ஃபேஸ் எர்த் ஃபால்ட் ஆகும்போது கரண்ட் 3 ÷ (பாசிட்டிவ் 0.10 + நெகட்டிவ் 0.10 + ஜீரோ 0.08) = 10.7 பெர் யூனிட், அதாவது 5,600 ஆம்பியருக்குச் சற்று மேல். த்ரீ ஃபேஸ் ஃபால்ட்டைவிட அதிகம்! த்ரீ ஃபேஸ்தான் எப்போதும் பெரியது என்ற எண்ணத்தில் பிரேக்கர் தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 33 கேவி எர்த் ஃபால்ட் ரிலே இந்த ஃபால்ட்டைப் பார்க்காததற்கும் காரணம் இதே டெல்டாதான்.

இவ்வளவும் கைக்கு வந்தபின் ரிலேக்குப் போங்கள். 600/1 சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்), பிக்கப் (ரிலே இயங்கத் தொடங்கும் அளவு) 100%, டைம் மல்டிப்ளையர் (நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) 0.1, ஸ்டாண்டர்ட் இன்வெர்ஸ் கர்வ் (கரண்ட் கூடினால் நேரம் குறையும்): 5,250 ஆம்பியர் என்பது 8.75 மடங்கு, நேரம் 0.1 × 0.14 ÷ (8.75^0.02 − 1), சுமார் 0.32 விநாடி. அதற்கு மேலே, சப்ளை பக்கம் உள்ள ரிலேக்கு இன்னும் 0.3 முதல் 0.4 விநாடி இடைவெளி வையுங்கள். மென்பொருளை இப்போது திறந்து, அது இதே எண்களைத் தருகிறதா என்று சரிபாருங்கள்.